அம்மாவுக்கு என்ன வேலை கொடுப்பது?

உவர்மலை மகள் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முந்தின வருடம் ஐப்பசியில் அப்பா காலமானார். கன்னியாவில் அந்தியேட்டிக் கிரியை முடித்த கையோடு அம்மாவைத் தம்பலகாமத்திலிருந்து திருகோணமலைக்கு எங்களோடு கூட்டி வந்துவிட்டோம். அம்மாவுக்கு 71 வயது, பிரஷருக்கு மட்டும் குளிசை. ஊரில் விடிய நாலு மணிக்கு எழும்பி, வளவு முழுக்கக் கூட்டி, கிணற்றில் அள்ளிக் குளித்து, சாமிக்குப் பூ வைத்து, அப்பா வயலுக்குப் போகிறதுக்குள் சாப்பாடு கட்டிக் கொடுத்தவர். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து போன இடத்திலும் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டி, எங்களை ஒரு நாளும் பசியோடு படுக்க விடாதவர்.

இங்கே வந்த முதல் மார்கழி மழையில் கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்புக்கு ஒன்றும் இல்லை, ஆனால் நான் பயந்துபோனேன். அன்றிலிருந்து ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. நானும் இவரும் வேலைக்குப் போகிறோம், சமையலுக்கு ஒரு அக்கா வருகிறார், துணி மெஷினில் தோய்கிறது. அம்மா விறாந்தையில் கதிரை போட்டு கேற்றைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

போன கிழமை அரைநாள் லீவில் வந்தபோதுதான் கண்டேன். மடித்து வைத்த துணியை அலுமாரியிலிருந்து எடுத்துக் கட்டிலில் போட்டு, ஒவ்வொன்றாக உதறி, திரும்ப மடித்துக்கொண்டு இருந்தார். என் மகனின் பள்ளிக்கூடச் சேர்ட்டின் கொலரைப் பெருவிரலால் அழுத்தி அழுத்தி நேராக்கினார். என்னைக் கண்டதும் களவு செய்து பிடிபட்டவர் மாதிரிக் கையை எடுத்துவிட்டார். எனக்கு நெஞ்சே அடைத்துவிட்டது.

"எனக்கு இஞ்ச என்ன வேலை பிள்ளை" என்று அடிக்கடி சொல்லுவார், நான் அதை ஓய்வு எடுக்கிற சந்தோசம் என்று நினைத்திருந்தேன். இப்போது என்ன வேலை கொடுப்பது, எப்படிக் கொடுப்பது? வயது போன தாயை வேலை வாங்குகிறாள் என்று சொந்தக்காரர் கதைப்பார்கள் என்ற பயமும் இருக்கிறது.

ஓய்வுபெற்ற ரீச்சர்:

பிள்ளை, உங்கள் அம்மாவின் இடத்தில்தான் நானும் இருக்கிறேன், எனக்கு 74. டச்சுக்குடாப் பக்கம் மகன், மருமகளோடு இருக்கிறேன். பென்சன் எடுத்த புதிதில் என் மகனும் உங்களைப் போலத்தான், தும்புத்தடியைக் கையில் எடுத்தால் ஓடி வந்து வாங்கிவிடுவான். பிறகு நான் முகம் வாடி இருப்பதைக் கண்டு, பொழுது போகட்டும் என்று ஏதாவது செய்யச் சொல்லுவான். அரிசியில் கல் பொறுக்குங்கள் என்பான், அது கடையில் வாங்கிய துப்புரவான அரிசி. பாசத்தில் செய்தான், ஆனால் எங்களுக்கு விளங்காதா?

மாறினது மருமகளால்தான். அவளுக்கு ஒரு மாதம் விடியக் காலமை பஸ் பிடிக்க வேண்டி வந்தது. ஒரு நாள் இரவு வந்து, "மாமி, நாளைக்குப் புட்டு அவிச்சுத் தருவீங்களா, எனக்கு நேரம் காணாது" என்று கேட்டாள். அன்று இரவு நான் சரியாக நித்திரை கொள்ளவில்லை, அவ்வளவு சந்தோசம். வறுத்த சிவப்பரிசி மாவுக்கு உப்பும் சுடுதண்ணியும் விட்டு அகப்பைக் காம்பால் கிளறி, கை பொறுக்கிற சூட்டில் சுண்டால் கொத்தி, தேங்காய்ப்பூ கலந்து நீத்துப்பெட்டியில் வைத்தேன். அந்த ஆவி மணத்துக்குப் பேரன் தானாக எழும்பி வந்து குசினிப் படியில் இருந்துவிட்டான். அந்த மாதம் முடிந்து நாலு வருடம் ஆகிறது, காலைச் சாப்பாடு இன்னும் என்னுடையதுதான். நான் படுத்துவிட்டால் அன்று வீட்டில் பாண்தான். அது எனக்குப் பெரிய விசயம் பிள்ளை. அம்மா செய்யாவிட்டால் குறை தெரிகிற வேலையாக ஒன்றைக் கொடுங்கள், பொழுதுபோக்குக்கு வேண்டாம்.

கை மூட்டு நோவதால் நிலத்தில் இருந்து தேங்காய் துருவுகிற திருவலையை விட்டுவிட்டு மேசையில் பூட்டுகிறதை மகன் வாங்கித் தந்தான். பின்னேரத்தில் வல்லாரைக்கும் பயிற்றைக்கும் தண்ணி விடுவேன். கோட்டைப் பக்கத்து மான்கள் எங்கள் ரோட்டுக்கும் வரும், கேற் திறந்து கிடந்தால் பயிற்றங்கொடி மிச்சமிராது, அதற்கும் நான்தான் காவல். இரவில் அவன் வந்து "அம்மா சாப்பிட்டீங்களா" என்று கேட்கிறபோது, இப்படிப் பிள்ளைகளைத் தந்தாயே என்று கோணேசருக்கு மனசுக்குள் நன்றி சொல்லிக்கொள்ளுவேன். சும்மா கதிரையில் இருந்த காலத்தில் அதே கேள்வி என்னைச் சுமை மாதிரி உணர வைத்தது.

சல்லிக் கடற்கரை:

அக்கா, என் ஐயா 50 வருடத்துக்கு மேல் கடலுக்குப் போனவர். முழங்கால் ஏலாது என்றதும் வீட்டில் இருத்தினோம், மூன்று மாதத்தில் ஆளே சுருங்கிவிட்டார். வாடைக்காற்று தொடங்கி வள்ளங்கள் கரையில் ஏறின நேரம், கிழிந்த வலைகளைக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டோம். இப்போது எங்கள் வலை மட்டும் இல்லை, பக்கத்து வீட்டுப் பொடியன்களின் வலையும் அவர்தான் பொத்துகிறார். அவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறார், பிழை விட்டால் ஏச்சும் விழும். சொந்தக்காரர் கதைக்கட்டும் அக்கா, அம்மாவின் முகத்தைப் பாருங்கள்.

நேர்சிங் அன்ரி:

ரீச்சர் சொன்னது முழுக்கச் சரி. நான் விழுகிறதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், பிள்ளையின் பயமும் நியாயமானது. உலக சுகாதார நிறுவனம் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் கிழமைக்கு 150 நிமிடமாவது மிதமான உடலசைவு வேண்டும் என்கிறது, கிழமையில் மூன்று நாளாவது சமநிலையையும் தசைப் பலத்தையும் கூட்டுகிற பயிற்சியும் வேண்டுமாம். வீட்டு வேலையும் அந்தக் கணக்கில் சேரும். அசையாமல் இருந்தால் கால் தசை மெலியும், மெலிந்த காலோடு எழும்பினால் விழுகிற ஆபத்து இன்னும் கூடும். அதனால் விழுந்துவிடுவார் என்று இருத்தி வைப்பது எதிர்மாறாகத்தான் முடியும்.

கிணற்றில் அள்ளுகிறதை மட்டும் நிறுத்துங்கள், பாசியை உரஞ்சிக் கழுவி அந்த இடத்தில் பிடிக்கச் சுவரோடு ஒரு கம்பி பூட்டுங்கள். பிரஷர் குளிசை போடுகிறவர் என்றபடியால் விடிய எழும்பினதும் கட்டிலில் இரண்டு நிமிடம் இருந்துவிட்டு எழும்பச் சொல்லுங்கள், சடாரென்று எழும்பினால் தலை சுற்றும். தேய்ந்த செருப்பை எறிந்துவிடுங்கள். அடுத்த கிளினிக்கில் விழுந்த கதையை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், பலர் மறைத்துவிடுகிறார்கள்.

உவர்மலை மகள்:

ரீச்சர், நீங்கள் எழுதினதை இரண்டு தரம் வாசித்து அழுதுவிட்டேன். கிணற்றடிக்குக் கம்பி பூட்ட இவர் ஆள் சொல்லிவிட்டார்.

நேற்று இரவு அம்மாவின் கட்டிலில் போய் இருந்தேன். முதல் வருடத்து ஆட்டைத்திவசம் முடிந்து அப்பாவுக்கு வருகிற முதல் ஆடி அமாவாசை இது. விரதச் சமையல் எனக்குத் தெரியாது, உண்மையாகவே தெரியாது. "அம்மா, நீங்கள் நின்று செய்தால்தான் நான் விரதம் பிடிக்கலாம்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கொப்பியும் பேனையும் கொண்டு வா என்றார். அப்பாவுக்கு வாழைக்காய்ப் பொரியல் பிடிக்கும், பூசணிக்காயில் தேங்காய்ப்பால் தடிப்பாக விடவேண்டும், பாயசத்துக்குச் சீனி வேண்டாம் சர்க்கரைதான் என்று அவர் சொல்லச் சொல்ல ஒரு பக்கம் நிரம்பிவிட்டது. நான் பிழையாக எழுதின இடத்தைப் பேரன் திருத்தினான், அவனைப் பார்த்துச் சிரித்தார். சமையலுக்கு வருகிற அக்காவை அன்றைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடட்டாம்.

விரதச் சமையலில் சேர்க்கிற காத்தோட்டிக்காய் இல்லாமல் ஆடி அமாவாசை இல்லை என்று அம்மா உறுதியாக நிற்கிறார். திருகோணமலைச் சந்தையில் இப்போது வருகிறதா, அல்லது யாருடைய வளவிலாவது காய்த்திருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். பிஞ்சு பார்த்துப் பிடுங்க எனக்குத் தெரியாதாம்.