மறு: கேட்ச்லைட் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

உருவப்படம் எடுக்கப் பழகுபவர்களுக்காகத் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பழகுபவர்களில் நானும் ஒருவன். பூ, கட்டடம், பூனை என்றால் பயமில்லை. ஆள் வந்து எதிரே உட்கார்ந்துவிட்டால் எல்லாம் மறந்துவிடும். கேமராவின் பொத்தான்களைத் திருகிக்கொண்டே இருப்பேன். உட்கார்ந்தவர் முகம் இறுகிப் போகும். அந்தப் பதற்றம் போக என்ன செய்யலாம் என்பதுதான் கையேட்டின் முதல் அத்தியாயம். அதில் 'கேட்ச்லைட்' என்ற சொல் அடிக்கொரு தரம் வருகிறது. கண்ணில் தெரியும் அந்த வெள்ளைப் புள்ளிதான். தற்போதைக்கு 'ஒளிப்பிடி' என்று போட்டு வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்த என் தங்கை, "இது என்ன, டார்ச்சோட கைப்பிடியா?" என்று கேட்டாள். கண்ணொளி, விழிச்சுடர், விழிமின், கண்மினுக்கு என்றும் யோசித்தேன். எதிலும் மனம் நிற்கவில்லை. குழுவில் யாராவது உதவுங்கள்.

* * *

வணக்கம்.

> இது என்ன, டார்ச்சோட கைப்பிடியா?

உங்கள் தங்கை கேட்டது நியாயமான கேள்வி. ஆங்கிலச் சொல்லை இரண்டாக உடைத்து, துண்டுக்குத் துண்டு தமிழ் ஒட்டினால் கைப்பிடிதான் மிஞ்சும்.

மற்றவற்றையும் பார்த்துவிடுவோம். 'கண்ணொளி' என்றால் நமக்குப் பார்வை. 'கண்ணொளி இழந்தவர்' என்று எழுதுகிறோமே, அந்தக் கண்ணொளி. படத்தில் கண்ணொளி இல்லை என்று கையேட்டில் எழுதினால் விபரீதமாகிவிடும். 'கண்மினுக்கு' என்பதில் 'மினுக்கிக்கொண்டு திரிவது' ஒட்டிக்கொண்டு வருகிறது. 'விழிமின்' அழகுதான், ஆனால் வம்மின், கேண்மின் என்று பழந்தமிழில் படித்தவர்களுக்கு அது 'எல்லாரும் விழித்துக்கொள்ளுங்கள்' என்று கட்டளையிடுவது போல இருக்கும். மற்றவர்களுக்கு மின்னஞ்சல், மின்கட்டணம் எல்லாம் நினைவுக்கு வரும். 'விழிச்சுடர்' பாட்டுக்கு ஆகும். எனக்கு அதில் உள்ள குறை, கண்ணே எரிவதாக அது சொல்வது.

கண் எரிவதில்லை. இந்த இழையில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். அந்த வெள்ளைப் புள்ளி கண்ணுக்கு உள்ளிருந்து வருவதல்ல, எதிரே உள்ள ஜன்னலோ விளக்கோ வானமோ விழியில் பிரதிபலிப்பது. விழியின் முன்புறத் தோலான கார்னியா ஒரு சின்னக் குவியாடி. அதன் வளைவு ஆரம் ஏறக்குறைய 7.8 மில்லிமீட்டர், குவியத் தொலைவு அதில் பாதி. கணக்குப் போட்டால், ஒரு மீட்டர் அகல ஜன்னல் இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும்போது கண்ணில் அதன் பிம்பம் சுமார் 2 மில்லிமீட்டர். நாற்காலியை ஜன்னலுக்கு ஒரு மீட்டர் அருகில் இழுத்துப் போட்டால் சுமார் 4 மில்லிமீட்டர். கருவிழி வட்டமே 12 மில்லிமீட்டர்தான் என்பதால் இந்த வித்தியாசம் முகத்தையே மாற்றிவிடும். கண் மருத்துவத்தில் இதற்குப் பெயரே உண்டு: முதலாம் புர்கின்யே பிம்பம். செக் உடலியலாளர் யான் புர்கின்யே (1787–1869) பெயரால் வந்தது. அவர்களும் அதைப் பிம்பம் என்றுதான் சொல்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

சொல்லில் இது இருந்தாக வேண்டும் என்று ஏன் அடம்பிடிக்கிறேன் என்றால், பழகுகிறவருக்கு அதுதான் கைவிளக்கு. கண்ணில் இருப்பது பிம்பம் என்று தெரிந்துவிட்டால், எந்தப் படத்தைப் பார்த்தாலும் அது எப்படி எடுக்கப்பட்டது என்று படிக்கலாம். படத்தைப் பெரிதாக்கிக் கண்ணைப் பாருங்கள். சதுரமாக இருந்தால் ஜன்னல் அல்லது சாஃப்ட்பாக்ஸ் (வெள்ளைத் துணி போர்த்திய விளக்குப் பெட்டி). வளையமாக இருந்தால் ரிங் லைட். கூர்மையான சின்னப் புள்ளி என்றால் ஃபிளாஷோ வேறு சிறிய விளக்கோ. அப்போது மூக்கின் நிழலும் கத்தி மாதிரி இருக்கும், பாருங்கள். மேலே ஒன்று, கீழே மங்கலாக இன்னொன்று இருந்தால் மடியில் வெள்ளை அட்டை வைத்திருக்கிறார்கள். கடிகாரத்தில் பத்து மணி இருக்கும் இடத்தில் தெரிந்தால் விளக்கு படம் பார்ப்பவருக்கு இடப்பக்கம், மேலே. ஒன்றுமே தெரியாவிட்டால் உச்சி வெயிலில் எடுத்திருக்கலாம், புருவ எலும்பு மறைத்துவிட்டது. ஓவியர்களுக்கு இது கேமரா வருவதற்கு முன்பே தெரியும். ஆல்பிரெக்ட் டியூரர் 1500-இல் வரைந்த தன்னுருவ ஓவியத்தில் கண்களைப் பாருங்கள், ஜன்னலின் குறுக்குச் சட்டம் வரை இருக்கும்.

> கேமராவின் பொத்தான்களைத் திருகிக்கொண்டே இருப்பேன்

இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு. எதிரே ஆள் உட்கார்ந்ததும் நமக்குக் கை உதறுவது எதைப் பார்ப்பது என்று தெரியாததால்தான். சிரிப்பு, தோள், கை, பின்னணி, முடி என்று பத்து விஷயம் ஒரே நேரத்தில் கூப்பிடுகிறது. திரையைப் பார்ப்பது அதிலிருந்து ஓடி ஒளிகிற வழி. அதற்குப் பதிலாக ஒரே ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள்: கண்ணில் அந்தப் பிம்பம் எங்கே இருக்கிறது? வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம், கேமரா தேவையில்லை. அது வந்து சேரும்வரை நாற்காலியைத் திருப்புங்கள், நீங்கள் நகருங்கள், முகவாயை இரண்டு விரல் அளவு உயர்த்தச் சொல்லுங்கள். "சிரிங்க" என்று கேட்டால் எதிரில் உள்ளவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. "மூக்கை ஜன்னல் பக்கம் கொஞ்சம்" என்றால் தெரியும். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த முகம் இறுகாது.

சரி, சொல். நமக்குத் தோதாக ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: பாவை. 'கருமணியிற் பாவாய்நீ போதாயாம்' என்று குறளில் (1123) காதலன் தன் கண்ணின் மணியில் உள்ள பாவையை எழுந்து போகச் சொல்வான், காதலிக்கு இடம் வேண்டும் என்று. கண்மணியில் ஏது பாவை? எதிரே நிற்பவரின் உருவம் பொம்மை அளவில் விழியில் தெரிகிறதல்லவா, அதை வைத்து வந்த பெயர் என்பது என் எண்ணம். பேச்சில் 'கண்ணு பாப்பா' என்பதும் அதே கதைதான். ஆகவே என் பரிந்துரை: பாவையொளி.

* * *

வணக்கம். நான் தமிழ் படித்தவனல்ல. பல வருடங்களாகப் படம் எடுப்பவன். அதனால் இலக்கணத்தில் தலையிடவில்லை.

> என் பரிந்துரை: பாவையொளி.

விளக்கம் படிக்கச் சுகமாக இருந்தது. ஆனால் இரண்டு சிக்கல். ஒன்று, கண்பாவை என்று இப்போது நாம் சொல்வது கண்ணின் நடுவில் உள்ள கறுப்பு வட்டத்தை. கேட்ச்லைட் பெரும்பாலும் அதன் மேல் விழாது. மேல் ஓரத்தில், நிறம் உள்ள பகுதியில் விழும், பாதி கறுப்பில் பாதி நிறத்தில் விழுவதும் உண்டு. நேர் நடுவில் விழுந்தால் கேமரா மேலேயே விளக்கு வைத்த படம் என்று அர்த்தம், அதை நாங்கள் அவ்வளவு விரும்புவதில்லை. பாவையொளி என்று பெயர் வைத்தால் புதியவர்கள் நடுவிலேதான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இரண்டு, ஆள் உட்கார்ந்திருக்கும்போது வாயில் வர வேண்டும். உதவியாளரிடம் "இடது பாவையொளியைக் கொஞ்சம் பெரிதாக்கு" என்று நான் சொன்னால் அவர் கேமராவை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பார்.

இன்னொன்றும். சினிமாவில் 'ஐலைட்' என்று ஒரு விளக்கே உண்டு, கண்ணுக்கு மட்டும் வைப்பது. அந்த விளக்கு வேறு, அதனால் கண்ணில் தெரிவது வேறு. இரண்டையும் குழப்பாத சொல்லாக இருந்தால் நல்லது.

* * *

வணக்கம்.

> அவர் கேமராவை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பார்.

ஐயா, இதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. முதல் சிக்கலுக்கும் என்னிடம் பதிலில்லை. விழியில் எங்கே விழும் என்று அத்தனை விளக்கியவன், அதன் நடுப் பகுதியின் பெயரைக் கொண்டுபோய் அதற்குச் சூட்டியிருக்கிறேன். பாவையொளியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், வேறு எங்காவது உதவும்.

நேற்று என் அக்கா மகன் வந்திருந்தான். வேலைக்கு விண்ணப்பிக்கப் படம் வேண்டுமாம். படம் என்றதும் கழுத்தை நீட்டி, மூச்சை இழுத்துப் பிடித்து உட்காருகிற ரகம். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தேன். 85 மிமீ லென்ஸ், அதன் துளை எஃப் 1.8, ஒன்றரை மீட்டர் தூரம். அந்தத் தூரத்தில் முழுச்சட்டக் (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் தெளிவாக விழும் ஆழம் சுமார் மூன்று சென்டிமீட்டர்தான். அருகில் உள்ள கண்ணில் குவியம் வைத்தால் காது மங்கிவிடும் என்ற கவலையில் நானும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊருக்கு உபதேசம்! அப்புறம் சுதாரித்து, துளையை எஃப் 4-க்குச் சுருக்கி அந்த ஆழத்தைக் கூட்டிவிட்டு, கேமராவைக் கீழே இறக்கி அவன் கண்ணைப் பார்த்தேன். தூரத்துக் கண் இருட்டாக இருந்தது.

"இந்தக் கண்ணுல பொட்டு விழலையேடா. மூக்கை ஜன்னல் பக்கம் கொஞ்சம்."

"என்ன பொட்டு மாமா?"

யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. அவன் செல்பேசியின் முன்கேமராவை எடுத்துக்கொண்டு தன் கண்ணையே பார்த்தான். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, "இப்ப வந்துடுச்சு, இப்பப் போயிடுச்சு" என்று விளையாட ஆரம்பித்துவிட்டான். மடியில் ஒரு தெர்மகோல் தகட்டை வைத்ததும், "கீழேயும் ஒண்ணு வந்திருக்கு மாமா, ஆனா டல்லா இருக்கு" என்றான். அதற்குள் கழுத்து இறங்கி, மூச்சும் சீராகிவிட்டது. எடுத்தது பதினோரு படம், அதில் மூன்று தேறின. அவன் தேர்ந்தெடுத்தது நான் தேர்ந்தெடுத்ததை அல்ல என்பது வேறு விஷயம்.

ஆகவே: கண்பொட்டு. பேச்சில் வெறும் பொட்டு.

'பொட்டு வெளிச்சம்கூட இல்லை' என்று சொல்கிறோமே, அந்தப் பொட்டு. அளவும் ஒளியும் அதிலேயே வந்துவிடுகிறது. 'விழுதல்' என்ற வினையோடு சேர்வதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. பொட்டு விழுந்தது என்றால் எங்கிருந்தோ வந்து விழுந்தது என்று தானாகவே ஆகிறது. பிம்பம் என்ற என் பிடிவாதம் சொல்லில் இல்லாவிட்டாலும் வினையில் இருக்கிறது. சதுரப் பொட்டு, வளையப் பொட்டு, இரட்டைப் பொட்டு, பத்து மணிப் பொட்டு என்று எதைச் சேர்த்தாலும் சொல் மறுப்பதில்லை. "இடது பொட்டைப் பெரிசாக்கு" என்று உதவியாளரிடம் தாராளமாகச் சொல்லலாம், அவர் விளக்கைத்தான் அருகில் நகர்த்துவார்.

வரப்போகும் ஆட்சேபங்களில் இரண்டுக்கு மட்டும் முன்கூட்டியே பதில். கண் + பொட்டு என்றால் நன்னூல்படி கட்பொட்டு என்றல்லவா வர வேண்டும்? வரலாம், கட்புலன் மாதிரி. ஆனால் கண்புரையைக் கட்புரை என்று யாரும் எழுதுவதில்லை, கண்பார்வையையும் மாற்றுவதில்லை. இதையும் அப்படியே விட்டுவிடலாம். அடுத்தது கொஞ்சம் கூச்சமானது. ஒருவர் முகத்தைப் பார்த்து 'பொட்டு இல்லை' என்றால் சிலருக்கு வேறு பொருள் குத்தும். அதனால் கையேட்டில் 'பொட்டு விழவில்லை' என்றே எழுதுங்கள். இல்லை என்பது ஆளின் மேல் குறை சொல்வது போல இருக்கிறது. விழவில்லை என்றால் விளக்கைத்தான் சொல்கிறோம்.

பொட்டு விழாத கண்ணெல்லாம் தவறு என்று மட்டும் கையேட்டில் எழுதிவிடாதீர்கள். துயரமோ மிரட்டலோ வேண்டும் என்றால் வேண்டுமென்றே இருட்டாக விடுவார்கள். முதலில் பத்துப் பேருக்காவது பொட்டு விழும்படி எடுத்துப் பழகியவர், பதினோராவது ஆளுக்கு அதை எடுத்துவிடலாமா என்று தானே யோசிப்பார். அந்த யோசனை வரும்போது கை உதறாது.

ஐலைட்டுக்கு 'பொட்டு விளக்கு' என்று வைத்துவிடலாம் என்று தோன்றுகிறது. ஒப்புதல் என்றால் இரண்டையும் சேர்த்தே சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். 'போஸ்' என்பதற்கு என்ன செய்வது என்று தயவுசெய்து இதே இழையில் தொடங்க வேண்டாம், அதற்கு ஒரு வாரம் ஆகும்.