என்ஜின் ஓடும்போது மேப்பைத் தொட்டால் ஈசியூ தடுமாறுகிறது: ஈப்ராம் எமுலேட்டர் வடிவமைப்பில் உதவி வேண்டும்

மின்தச்சன்:
வணக்கம். 1994 ஹோண்டா சிவிக்கின் பி28 ஈசியூவுக்கு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) நானே ஓர் ஈப்ராம் எமுலேட்டர் செய்கிறேன், அதாவது புரோகிராம் இருக்கும் ஈப்ராம் சிப்பைப் போல நடித்து, அதைக் கழற்றாமலே எண்களை மாற்றவிடும் கருவி. ஈசியூ பலகையில் 28 பின் சாக்கெட், 74எச்சி373 லேட்ச் (முகவரியைப் பிடித்து வைக்கும் சிப்), ஜே1 ஜம்பர் எல்லாம் போட்டாயிற்று. நிஜமான 27சி256 ஈப்ராம் சிப்பைப் பொருத்தினால் வண்டி அருமையாக ஓடுகிறது. ஆனால் இக்னிஷன் டைமிங்கை 2 டிகிரி மாற்றிப் பார்க்கக்கூட சிப்பைக் கழற்றி, புற ஊதா விளக்கில் அழித்து, மறுபடி எழுதிப் பொருத்த வேண்டியிருக்கிறது. ஒரு மாற்றத்துக்கு அரை மணி நேரம் போய்விடுகிறது.

அதனால் 62256 எஸ்ராம் (உடனே எழுதக்கூடிய நினைவகச் சிப்) ஒன்றை நடுவில் வைத்தேன். ஒரு பக்கம் ஈசியூ, மறுபக்கம் 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏடிமெகா மைக்ரோகன்ட்ரோலர். இரண்டு பக்கமும் பஃபர்கள் (இணைப்பைத் திறந்து மூடும் சிப்கள்) உண்டு. லேப்டாப்பிலிருந்து மாற்றம் வந்தால் ஈசியூ பக்கத்துப் பஃபரை அணைத்து, ஒரு பைட் எழுதி, திரும்ப இணைக்கிறேன். மொத்தம் 3 மைக்ரோவினாடிதான்.

என்ஜின் நிற்கும்போது மேப்பை (எரிபொருள், டைமிங் எண்களின் டேபிள்கள்) ஏற்றினால் பிரச்சினையே இல்லை. ஐடிலில் ஓடும்போது எரிபொருள் டேபிளில் ஒரே ஒரு கட்டத்தை மாற்றினாலும் என்ஜின் குலுங்குகிறது, செக் என்ஜின் விளக்கு எரிகிறது, சில நேரம் நின்றே போகிறது. கேபிளை 30 செ.மீ.யிலிருந்து 12 ஆகக் குறைத்தேன், ஒவ்வொரு சிப்புக்கும் 100 நானோஃபாரட் வைத்தேன். பலனில்லை.

பழையபிஸ்டன்:
முதலில் ஒரு கேள்வி. 27சி256-இல் ஏ14 என்ற முகவரிக் கோடு வருவது 27-ஆம் பின்னில். 62256-இல் அது 1-ஆம் பின். 27-இல் இருப்பது எழுதும் பின். நேருக்கு நேர் இணைத்துவிடவில்லையே?

மின்தச்சன்:
இல்லை அண்ணா, அதை மாற்றித்தான் இணைத்திருக்கிறேன். தப்பாக இருந்தால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாதே.

எட்டுபிட்:
சரி, அப்படியென்றால் கோளாறு அந்த 3 மைக்ரோவினாடியில்தான். அந்தச் சிப்பில் டேபிள்கள் மட்டும் இல்லை, ஈசியூவின் புரோகிராமும் அதில்தான் இருக்கிறது. ப்ராசஸர் ஒவ்வொரு கட்டளையையும் அங்கிருந்துதான் எடுக்கிறது. நீங்கள் பஃபரை அணைத்த நேரத்தில் அது பலமுறை வாசித்திருக்கும். எந்தச் சிப்பும் தரவு தராத டேட்டா கம்பிகளில் கிடைத்த குப்பையைக் கட்டளை என்று நம்பி எங்கேயோ போய்விடும். எரிபொருள் எண் ஒரு கணம் தவறானால் என்ஜின் தாங்கும். கட்டளை தவறினால் தாங்காது.

இடைவெளி பார்த்து எழுதலாம் என்று தோன்றும். ஓஇ பின் (வாசிப்பின்போது தாழ்ந்து, முடிந்ததும் உயரும் சிக்னல்) உயரும் நேரத்தில் எழுதினால் போதும் என்பது உண்மைதான், ஆனால் அதை ஏடிமெகா மென்பொருளில் பிடிக்க முடியாது. 16 மெகாஹெர்ட்ஸில் ஒரு இன்டரப்டுக்குள் (சிக்னல் வந்ததும் ஓடும் புரோகிராம் பகுதிக்குள்) நுழையவே குறைந்தது 4 க்ளாக், அதாவது 250 நானோவினாடி போய்விடும். அதற்குள் அடுத்த வாசிப்பு தொடங்கியிருக்கும்.

நான் செய்து பார்த்து நம்புவது இரண்டு வங்கி முறை, அதாவது ஒரே தகவலுக்கு இரண்டு நினைவகப் பிரதிகள். இரண்டு 62256 வையுங்கள். ஈசியூ ஒன்றை வாசிக்கட்டும், ஏடிமெகா மற்றதில் நிதானமாக எழுதட்டும். எழுதி முடித்ததும் மாற்றச் சொல்லும் சிக்னலை நேராகக் கொடுக்காமல் 74எச்சி74 ஃப்ளிப்ஃப்ளாப்பின் (க்ளாக் ஏறும் கணத்தில் மட்டும் உள்ளீட்டை ஏற்கும் சிப்) டி பின்னில் கொடுங்கள்; க்ளாக்காக ஓஇ-யின் ஏறுமுனை. அப்போது வாசிப்பு முடிந்த பிறகுதான் வங்கி மாறும். மாறிய பின் அதே மாற்றத்தைப் பழைய வங்கியிலும் எழுத மறக்காதீர்கள். இல்லையென்றால் அடுத்த முறை பழைய எண் திரும்பி வரும்.

பழையபிஸ்டன்:
இரண்டு பைட் எண்களைத் தொடும்போது கவனம் தேவை. ஹெக்ஸ் (16 அடிமான) முறையில் 00எஃப்எஃப்-ஐ 0100 ஆக்கும்போது, ஈசியூ முதல் பைட்டை ஒரு வங்கியிலும் அடுத்ததை மற்றதிலும் வாசித்தால் 0000 அல்லது 01எஃப்எஃப் கிடைக்கலாம். செக்சம் (எல்லா பைட்களையும் கூட்டிச் சரிபார்க்கும் எண்) பார்க்கும் புரோகிராம் என்றால், பயன்படாத ஒரு பைட்டைச் சரிக்கட்டி, அதையும் சேர்த்து ஒரே மாற்றமாக அனுப்புங்கள்.

ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி வோல்ட்டேஜ் நன்றாகவே இறங்கும். 62256 தரவைத் தாங்க 2 வோல்ட் போதும், ஆனால் இறங்கும் நேரத்தில் தவறான எழுத்து நடக்கக் கூடாது. வோல்ட்டேஜ் இறங்கினால் எழுத்தைத் தடுத்து செல்லுக்கு மாற்றும் டிஎஸ்1210 மாதிரி ஒரு சிப்பும் ஒரு லித்தியம் செல்லும் வைத்தால் இரண்டும் தீரும்.

மின்தச்சன்:
இரண்டு அண்ணன்களுக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வங்கியையும் ஃப்ளிப்ஃப்ளாப்பையும் பிரெட்போர்டில் போட்டு நேற்று இரவு பார்த்தேன். ஐடிலில் 200 முறைக்கு மேல் கட்டங்களை மாற்றினேன், விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. எரிபொருளைக் கூட்டினால் ஆக்சிஜன் சென்சார் எண் கண்ணெதிரே நகர்கிறது! டிஎஸ்1210 ஆர்டர் போட்டிருக்கிறேன். அது வந்ததும் பிசிபி (சர்க்யூட் பலகை) படத்தை இங்கே போடுகிறேன், தயவுசெய்து ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.