மார்ச் 31க்குள் பில்லை ரத்து செய்யச் சொல்கிறார்கள், சம்மதிக்கலாமா?

கேள்வி: பிரிண்டிங் பட்டறை, திருப்பூர்

வணக்கம். பின்னலாடைத் துணிகளுக்கு பிரிண்டிங் ஜாப் ஒர்க் செய்து கொடுக்கிறேன். 2021 முதல் உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருக்கிறது, குறு நிறுவனம். ஓர் ஏற்றுமதி நிறுவனத்துக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை முடித்துக் கொடுத்த வேலைக்கு ஆறு லட்சம் ரூபாய் நிலுவை. அந்த பில்களுக்கான ஜிஎஸ்டியை அந்தந்த மாதமே கட்டிவிட்டேன். ஆட்களுக்குச் சனிக்கிழமைக் கூலியும் நிற்கவில்லை. எனக்கு வர வேண்டியதுதான் வரவில்லை.

இப்போது அவர்களின் கணக்குப் பிரிவில் மூன்று வழி சொல்கிறார்கள். பழைய பில்களை ரத்து செய்யும் கிரெடிட் நோட் போட்டுவிட்டு ஏப்ரல் தேதியில் புதிய பில் தர வேண்டும். அல்லது 90 நாள் கடனுக்கு ஒப்புக்கொண்டதாகப் போன வருடத் தேதியிட்ட கடிதத்தில் கையெழுத்திட வேண்டும். இரண்டும் முடியாதென்றால் உத்யம் பதிவை ரத்து செய்துவிட வேண்டுமாம். மறுத்தால் அடுத்த சீசனுக்கு ஆர்டர் இல்லை. என்ன செய்வது?

பதில்: வரி ஆலோசகர், ஈரோடு

மூன்றுக்கும் சம்மதிக்காதீர்கள். அவர்களை அவசரப்படுத்துவது வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு. 2023 நிதிச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு, 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையைக் கெடுவுக்குள் தராவிட்டால், பணம் கொடுக்கும் வருடத்தில்தான் அதைச் செலவாகக் கழிக்க முடியும். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் கெடு 15 நாள். இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஆகவே 90 நாள் கடிதம் சட்டப்படி அவர்களுக்கே உதவாது. பழைய தேதியில் அதில் கையெழுத்திட்டால் பொய்யான ஆவணத்துக்கு நீங்களும் உடந்தை.

கிரெடிட் நோட் இன்னும் மோசம். வேலை முடிந்து சரக்கு கப்பல் ஏறிய பிறகு எதைத் திருப்பி எடுத்ததாகக் காட்டுவீர்கள்? 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் உள்ளீட்டு வரியை, அதாவது உங்கள் பில்லில் உள்ள ஜிஎஸ்டிக்குத் தாங்கள் எடுத்துக்கொண்ட வரிக் கழிவை, அவர்கள் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற ஜிஎஸ்டி விதியும் இருக்கிறது. ஏப்ரல் பில் வந்துவிட்டால் அந்த நாள் கணக்கும் முதலிலிருந்து தொடங்கிவிடும்.

ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். 43பி(எச்) உங்கள் பணத்தை வசூலித்துத் தராது. 22 சதவீத வரி வழியைத் தேர்ந்தெடுத்த கம்பெனியாக இருந்தால், சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து ஆறு லட்சத்துக்கு சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய் வரி இந்த வருடம் கூடும். பணத்தைக் கொடுக்கும் வருடத்தில் அந்தக் கழிவு அவர்களுக்குக் கிடைத்துவிடும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வருகிறது. பிரிவின் எண் மாறினாலும் விதி தொடர்கிறது.

பதில்: எம்பிராய்டரி யூனிட், திருப்பூர்

அண்ணா, ஆலோசகர் சொல்வது சரிதான். ஆனால் ஒரே கம்பெனியை நம்பிப் பட்டறை ஓடுகிறது என்றால் எடுத்த எடுப்பில் வழக்கு என்று போகாதீர்கள். ஊர் சிறியது, பேச்சு பரவும். முதலில் முதலாளியை நேரில் பார்த்துப் பேசுங்கள். கணக்குப் பிரிவு செய்வது பல இடங்களில் மேலே தெரிவதே இல்லை. பேசி முடித்ததும் அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி தங்கச்சி. இன்னொரு சிக்கல் இருக்கிறது. டிசம்பரில் கொடுத்த ஒரு லாட்டில் பிரிண்ட் வெடித்துவிட்டது என்று இப்போது சொல்லி, 40,000 ரூபாயைப் பிடித்துக்கொள்ள டெபிட் நோட் போடப் போகிறார்களாம். அன்றைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பதில்: வழக்கறிஞர், கோயம்புத்தூர்

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, சரக்கு கைக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். அதனால் உங்கள் பலம் டெலிவரி சலானில் இருக்கிறது. கேட் முத்திரை, பீஸ் எண்ணிக்கை, வாங்கியவர் கையெழுத்து, தேதி ஆகிய நான்கும் தெளிவாகத் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கார்பன் பிரதி மங்கிப்போகும், இன்றே ஸ்கேன் செய்து வையுங்கள்.

அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு தாமதத்துக்கு வட்டி தருகிறது. ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பாங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டி. பாங்க் ரேட் 5.5 சதவீதம் என்றால் 16.5 சதவீதம். அந்த வட்டியை அவர்கள் வரியில் செலவாகக் காட்டவும் முடியாது. பேசியும் பணம் வராவிட்டால் 18ஆம் பிரிவின்கீழ், இப்படிப்பட்ட நிலுவைத் தகராறுகளுக்காக மாநில அரசு அமைத்துள்ள வசதியாக்க மன்றத்துக்கு மனுச் செய்யலாம். முதலில் சமரசம், அது முறிந்தால் நடுவர் தீர்ப்பு. சட்டம் 90 நாள் என்கிறது, நடைமுறையில் இழுக்கும். ஆனால் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக விரும்பும் வாங்குபவர் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். பெரிய கம்பெனிகளைப் பேச்சுவார்த்தைக்கு இழுத்து வருவது இந்த ஒரு விதிதான்.

உத்யம் பதிவை ரத்து செய்வதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். வேலை செய்த நாளில் பதிவு இருந்ததா என்பதே பெரிய வழக்காக நடக்கிறது. 2021இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கிலும் 2022இல் மஹாகாளி ஃபுட்ஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் பதிவின் தேதியை முக்கியமாக எடுத்துக்கொண்டது. 2025 ஜனவரியில் என்.பி.சி.சி. வழக்கில் இரு நீதிபதிகள் அமர்வு அதில் மாறுபட்டு, கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. உங்கள் பதிவு 2021இலேயே இருப்பதால் இந்தத் தகராறு உங்களைத் தொடவே தொடாது. அந்தப் பாதுகாப்பைக் கையால் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

பதில்: நூல் வியாபாரம், கரூர்

நான் நூல் வாங்கி விற்பவன். உத்யம் பதிவு எனக்கும் இருக்கிறது. இந்த 45 நாள் கெடு எனக்கும் பொருந்துமா ஐயா?

பதில்: வரி ஆலோசகர், ஈரோடு

பொருந்தாது. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு அந்தப் பதிவு வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே பயன்படும். உற்பத்தியும் ஜாப் ஒர்க் போன்ற சேவையும் செய்பவர்களுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு.

கேள்வி கேட்டவர்

முதலாளியைப் பார்த்துவிட்டு வந்தேன். பழைய தேதிக் கடிதம் கேட்டது அவருக்குத் தெரியவில்லை. நான்கு லட்சத்தை மார்ச் 31க்கு முன் வங்கியில் போடுவதாகவும், மீதியை ஏப்ரலில் தருவதாகவும் சொன்னார். டெபிட் நோட் பற்றி வாய் திறக்கவில்லை. பேசியதை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். நான்கு லட்சத்தை வாங்கிக்கொண்டால் வட்டி கேட்கும் உரிமை போய்விடுமா?

பதில்: வழக்கறிஞர், கோயம்புத்தூர்

போகாது. ரசீதில் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். "பகுதித் தொகை, மீதியும் வட்டியும் நிலுவையில்" என்று எழுதி, பில் எண்களையும் குறிப்பிட்டுக் கையெழுத்திடுங்கள்.