புதுப்பிப்பு: ஜாகுவார் இ-டைப், போர்ஷே 911 கார்களின் ஒப்பீட்டில் எண்கள் பொருந்தாததற்குக் காரணம் கிடைத்தது

1961-இன் 3.8 லிட்டர் இ-டைப்புக்கு 265 குதிரைத்திறனும், 1964-இன் 2 லிட்டர் 911-க்கு 130 குதிரைத்திறனும் குறிக்கப்பட்டிருக்க, ஓட்டத்தில் அந்த இருமடங்கு வேறுபாடு ஏன் தெரியவில்லை என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

எடையைக் கணக்கில் கொள்ளச் சொன்ன யோசனை ஓரளவே உதவியது. 911 ஏறத்தாழ 1,080 கிலோ, இ-டைப் 1,200 கிலோவுக்குச் சற்று மேல் என்பதால் இடைவெளி கொஞ்சமே சுருங்கியது. எந்த அளவீட்டு முறை என்று பார்க்கச் சொன்னவரின் யோசனையே முடிச்சை அவிழ்த்தது. ஜாகுவாரின் எண், குளிர்விப்பு விசிறி, சைலன்சர் போன்ற துணைக்கருவிகள் இல்லாமல் எஞ்சினைத் தனியே சோதிக்கும் பழைய எஸ்.ஏ.இ. (அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் தரமுறை) மொத்தத் திறன்; போர்ஷேயின் 130, அவற்றைப் பொருத்தியே அளக்கும் டிஐஎன் (ஜெர்மானியத் தரமுறை) திறன். அதே போர்ஷே எஞ்சினுக்கு எஸ்.ஏ.இ. முறையில் 148 குதிரைத்திறன் குறிக்கப்படுகிறது. அந்த விகிதத்தை அப்படியே வைத்தால் ஜாகுவாரின் டிஐஎன் திறன் 230-ஐ ஒட்டி வருகிறது. எஞ்சினுக்கு எஞ்சின் விகிதம் மாறும் என்பதால் இது என் தோராயக் கணக்கு மட்டுமே.

எதிர்பாராத ஒன்றும் தெரியவந்தது: இ-டைப்பின் புகழ்பெற்ற மணிக்கு 150 மைல் வேகம், பத்திரிகைச் சோதனைக்கென்று கவனமாகத் தயார்செய்யப்பட்ட காரில் பதிவானது. ஆகவே அதை விற்பனைக்கு வந்த எல்லா இ-டைப்புக்கும் உரிய வேகமாக நான் இனி என் ஒப்பீட்டு அட்டவணையில் காட்டப்போவதில்லை.