புதுப்பிப்பு: மூக்கைத் தூக்கிய படகு

வாஷிங்டன் மாநில ஏரியொன்றில் என் சிறிய ஹைட்ரோபிளேன் (நீர்ப்பரப்பை உரசியபடி பறப்பதுபோல் ஓடும் பந்தயப் படகு), நேர்ப்பாதையில் வேகம் கூடியதும் மூக்கைத் தூக்கித் தூக்கி அடிப்பதாகச் சென்ற மாதம் இங்கே எழுதிக் காரணம் கேட்டிருந்தேன். மோட்டாரைப் பொருத்தியிருந்த கோணமே காரணம் என்று இப்போது தெரிகிறது.

இவ்வகைப் படகு முழு வேகத்தில் முன்னிரு மிதவைகளின் பின்நுனியாலும், பாதி நீருக்கு மேலே சுழலும் மோட்டாரின் உந்துவிசிறியாலும் மட்டுமே நீரைத் தொடுகிறது. எஞ்சிய பாரத்தை அடிப்பலகையின் கீழ் சிக்கிய காற்று தாங்குகிறது. மூக்கு அளவுக்கு மேல் எழுந்தால், தாங்கிய அதே காற்று படகைப் பின்புறமாகப் புரட்டிவிடும். 1967 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில், மணிக்கு 300 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் வேகச் சாதனையாளர் டொனால்டு கேம்பெல்லின் புளூபேர்டு படகு அப்படித்தான் எழுந்து கவிழ்ந்தது. என் வேகம் அதில் கால்பங்குகூட இல்லை என்றாலும், அச்சம் அதே அச்சம்தான்.

மூக்கு தாழும்படி மோட்டாரின் கீழ்ப்பகுதியைப் படகின் பின்பலகையை நோக்கிச் சற்றே உள்ளிழுத்து, மண்டியிட்டு ஓட்டும் நானும் உடலை முன்னே சாய்த்தபோது, ஆட்டம் பெரும்பாலும் அடங்கியது. வேகம் சிறிது குறைந்ததை மனமின்றி ஏற்றுக்கொண்டேன்.

தீராதது பந்தயத் தொடக்கம்தான். கடிகாரம் பூச்சியத்தைத் தொடும் கணத்தில் முழு வேகத்தில் கோட்டைக் கடக்க வேண்டிய இப்போட்டியில், கடந்த ஞாயிறன்று ஒரு நொடி முந்திக் கடந்து தண்டனை பெற்றேன். ஆனாலும் முதல் வளைவில், வளைவில் படகு வழுக்காமல் பிடிக்கும் இடப்பக்கத் துடுப்புத்தகடு நீரைக் கவ்வ, மற்றவர்கள் வாரியிறைத்த நீர்த்திரைக்குள் கண்தெரியாமல் நுழைந்த அந்தச் சில நொடிகளுக்காகவே அடுத்த பந்தயத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டேன்.