டீசல் லாரியின் கூலிங் சிஸ்டம்: சுத்தம் செய்தவர்களின் அனுபவங்கள்

பட்டறை மெக்கானிக்:

கனரக வண்டிகளில் கூலிங் சிஸ்டத்தைச் சுத்தமாக வைப்பது பற்றி அவரவர் கண்டதை இங்கே பகிரலாம். நான் ஆரம்பிக்கிறேன். உள்ளே இருப்பது என்ன அழுக்கு என்று தெரியாமல் எந்த மருந்தையும் ஊற்றாதீர்கள். துரு வேறு, உப்புப் படிவு வேறு, எண்ணெய் வேறு, கெட்ட கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீரோடு கலக்கும் திரவம்) திரண்ட ஜெல் வேறு. ஒன்றைக் கரைப்பது இன்னொன்றைத் தொடக்கூட மாட்டாது.

லோடு ஏற்றினால் சூடு ஏறுகிறது என்று ஒரு வண்டி வந்தது. வேறு இடத்தில் ஆசிட் கலந்த கிளீனர் போட்டுக் கழுவியிருந்தார்கள். பலன் இல்லை. சூட்டில் விரியும் கூலன்ட்டுக்கு இடம் தரும் எக்ஸ்பான்ஷன் டேங்க்கின் மூடியைத் திறந்ததும் காரணம் தெரிந்துவிட்டது. பழுப்பு நிறத்தில் மோர் போலத் திரண்ட கொழகொழப்பு, மூடியின் உள்பக்கம் வரை ஒட்டியிருந்தது. எண்ணெய் கலந்திருக்கிறது. கூலன்ட்டால் இன்ஜின் ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலரைக் கழற்றி அழுத்தம் கொடுத்துப் பார்த்ததில் உள்ளே விரிசல் இருந்தது. இன்ஜின் ஓடும்போது ஆயில் அழுத்தம் கூலன்ட் அழுத்தத்தைவிடப் பல மடங்கு அதிகம், அதனால் ஆயில்தான் கூலன்ட் பக்கம் போகும். நிறுத்திய பிறகு ஆயில் அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். சூடான கூலன்ட்டில் அழுத்தம் கொஞ்ச நேரம் நிற்கும். அப்போது கூலன்ட் ஆயில் பக்கம் கசியலாம். ஆகவே இப்படி ஒரு வண்டி வந்தால் இன்ஜின் ஆயிலையும் பார்க்காமல் விடக் கூடாது. கூலன்ட் கலந்த ஆயிலோடு ஓடினால் பேரிங் போய்விடும்.

எண்ணெய்ப் பசைக்கு ஆசிட் வேலை செய்யாது. நுரை வராத சோப்புப் பொடியோ, அதற்கென்றே வரும் கிளீனரோதான் வேண்டும். நுரை வந்தால் வாட்டர் பம்ப் தண்ணீரைத் தள்ளாது, காற்றைத்தான் சுழற்றும். முதலில் கூலரை மாற்றினோம். அப்புறம் சோப்புத் தண்ணீர் நிரப்பி, ஹீட்டரைத் திறந்து வைத்து, தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டர் வழியைத் திறக்கும் வால்வு) திறக்கும் சூடு வரும் வரை ஓட்டி, கொஞ்சம் ஆறவிட்டு வடித்தோம். வெளியே வரும் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மறையும் வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பொறுமை இல்லாமல் பாதியில் விட்டால், மிச்சம் இருக்கும் பசை புது கூலன்ட்டையும் கெடுக்கும்.

வடிப்பதில் பலர் ரேடியேட்டர் அடியில் உள்ள திருகை மட்டும் திறப்பார்கள். இன்ஜின் பிளாக்கில் தனியாக ஒரு வடிகால் பிளக் இருக்கும். அதைத் திறக்காவிட்டால் பழைய தண்ணீரில் கணிசமான பங்கு உள்ளேயே தங்கிவிடும். அடியில் படிந்த சேறும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அந்த வண்டியில் ரப்பர் ஹோஸ்களையும் மாற்றச் சொன்னேன். கூலன்ட் ஹோஸ் ரப்பர் எண்ணெயைத் தாங்காது. ஊறி உப்பிப் பதமாகிவிடும். கையால் அமுக்கினாலே தெரியும். வெளியே நன்றாகத் தெரிகிறதே என்று விட்டால் நடுவழியில் வெடிக்கும்.

லாரி டிரைவர்:

அண்ணன் உள்பக்கம் பற்றிச் சொன்னார். எனக்கு நேர்ந்தது வெளிப்பக்கம். காலி வண்டியில் சூடு காட்டும் முள் அசையாது. லோடோடு மேடு ஏறினால் மட்டும் சிவப்பைத் தொடப் போகும். ரேடியேட்டரை இறக்கி உள்ளே கம்பி விட்டுத் தூர் எடுக்க வேண்டும் என்று சொன்னார்கள். முன்னால் நின்று பார்த்தால் கிரில் பளிச்சென்று இருந்தது. ஆனால் முன்னால் தெரிவது டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், ரேடியேட்டர் அதற்குப் பின்னால் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை டார்ச் அடித்துப் பார்த்தேன். புழுதியும் பூச்சியும் நார்த் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி அடைத்துக் கிடந்தன.

சும்மா புழுதி என்றால் காற்றிலேயே பாதி போய்விடும். இது ஏன் ஒட்டிக்கொண்டது? இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிரீதர் குழாயிலிருந்து வரும் எண்ணெய் ஆவி காற்றோடு சேர்ந்து அங்கே படிந்திருக்கிறது. அதன்மேல் தூசி ஒட்டிக்கொண்டே போயிருக்கிறது. கழுவுவதோடு பிரீதரையும் பார்த்தால்தான் திரும்ப அடைக்காது.

இன்டர்கூலரின் பிராக்கெட்டைத் தளர்த்தி முன்னால் சாய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் திரவம் தெளித்து ஊறவிட்டு, ஃபேன் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடித்தோம். காற்று வந்த திசைக்கு எதிராக அடிக்க வேண்டும். முன்னால் இருந்து அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே போய் இறுகும். பிரஷர் வாஷரைக் கிட்டே பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்றுப் பாதையே மூடிவிடும். சாய்த்துப் பிடித்தாலும் அப்படித்தான். நேராக, தள்ளி நின்று, மெதுவாக அடிக்க வேண்டும்.

அதன் பிறகு அதே மேட்டில் அதே லோடில் முள் நகரவில்லை. இன்டர்கூலர் சுத்தமானதால் இழுவையும் நன்றாகத் தெரிந்தது. ரேடியேட்டரை இறக்கும் முன் இந்த ஒரு இடத்தை எல்லோரும் பார்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

புதிதாக வண்டி வாங்கியவர்:

அண்ணே, ஒரு சந்தேகம். சூடு ஏறுகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டு, தண்ணீர் தடையில்லாமல் ஓடும் என்கிறார்கள். சரியா?

பட்டறை மெக்கானிக்:

தம்பி, தயவுசெய்து செய்யாதீர்கள். பல டீசல் இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் செய்யும் வேலை இரண்டு. ரேடியேட்டர் வழியைத் திறக்கும்; அதே நேரத்தில் பைபாஸ் வழியை மூடும். அதை எடுத்துவிட்டால் பைபாஸ் திறந்தபடியே இருக்கும். தண்ணீருக்கு எது சுலபமான வழியோ அதில்தான் போகும். ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே ஒரு பங்கு சுற்றும். லோடில் சூடு இன்னும் கூடும். லோடு இல்லாத நேரத்தில் இன்ஜின் சூடே ஏறாது. டீசல் சரியாக எரியாமல் கரி சேரும், ஆயிலில் ஈரமும் சேறும் தங்கும். பல கனரக இன்ஜின்களில் அது 82 டிகிரி செல்சியஸ் வாக்கில் திறக்க ஆரம்பிக்கும். சந்தேகம் இருந்தால் பாத்திரத்தில் தண்ணீரோடு வைத்துச் சூடாக்கி, தெர்மாமீட்டரோடு பாருங்கள். திறக்கவில்லையா, புதிது போடுங்கள்.

லாரிக் குழுமப் பராமரிப்பாளர்:

நான் பல வண்டிகளின் பராமரிப்பைப் பார்க்கிறேன். என்னை அதிகம் உலுக்கியது ஒரு லைனர், அதாவது பிஸ்டன் உள்ளே ஓடும் சிலிண்டர் சுவர். சூடு ஏறியதே இல்லை, கசிவும் இல்லை. இன்ஜின் ஆயிலில் தண்ணீர் வந்ததால் பிரித்தோம். லைனரின் வெளிச்சுவரில், பிஸ்டன் தட்டும் பக்கத்தில், ஊசியால் குத்தியது மாதிரி வரிசையாகக் குழிகள். ஒன்று உள்ளே வரை துளைத்திருந்தது.

வெட் லைனர், அதாவது வெளிப்பக்கத்தைக் கூலன்ட் நேரடியாகத் தொடும் லைனர், உள்ள இன்ஜின்களில் இது தெரிந்த நோய்தான். ஒவ்வொரு எரிப்பிலும் பிஸ்டன் தட்ட, லைனர் நுண்ணியதாக அதிரும். அதிர்வில் சுவரை ஒட்டிய தண்ணீரில் அழுத்தம் சட்டென்று குறைந்து நீராவிக் குமிழ்கள் உண்டாகும். அவை அடுத்த கணமே சுவர்மேல் நொறுங்கும். கோடிக்கணக்கான முறை நடந்தால் இரும்பே அரிக்கும். பழைய வகை கூலன்ட்டில் நைட்ரைட் போன்ற சேர்க்கைகள் உலோகத்தின்மேல் மெல்லிய காப்புப் படலம் போட்டு இதைத் தடுக்கின்றன. அந்தச் சேர்க்கை காலப்போக்கில் தீர்ந்துபோகும். கூலன்ட்டின் நிறம் அப்படியே இருக்கும், கெட்டியும் குறையாது. கண்ணுக்குத் தெரிகிற சுத்தம் இங்கே எதையும் காட்டாது. சோதனைப் பட்டையை முக்கிப் பார்த்தால்தான் தெரியும். ஒவ்வொரு சர்வீஸிலும் பார்ப்பதை நாங்கள் விடுவதில்லை.

ரேடியேட்டர் மூடியும் இதில் சேரும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்து அழுத்தம் நிற்காவிட்டால் குமிழ்கள் இன்னும் சுலபமாக உண்டாகும். சின்னப் பொருள்தானே என்று யாரும் மாற்றுவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

சேர்க்கை குறைகிறதே என்று பாட்டில் பாட்டிலாக ஊற்றினாலும் ஆபத்து. அளவு மீறினால் அது கரையாமல் திரண்டு, ஆயில் கூலரின் மெல்லிய வழிகளையும் ஹீட்டரையும் அடைக்கும். வாட்டர் பம்ப் சீலையும் தேய்க்கும். கசிவு அடைக்கும் பொடியைப் பற்றியும் இதையே சொல்வேன். ஓட்டையை மட்டும் அடைக்கும் அறிவு அதற்குக் கிடையாது.

தண்ணீர் விஷயத்தில் நாங்கள் கறார். குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர் எதுவும் கூடாது. கால்சியமும் மக்னீசியமும் அதிகச் சூடான இடத்தில், அதாவது சிலிண்டர் ஹெட்டையும் லைனரையும் சுற்றித்தான் முதலில் படியும். அந்தப் படிவு வழியாக வெப்பம் கடப்பது இரும்பைவிட மிகவும் கடினம். முள் சாதாரணமாகக் காட்டும்போதே உலோகம் உள்ளே வெந்துகொண்டிருக்கும். டிஸ்டில்டு வாட்டரில் கூலன்ட்டைப் பாதிக்குப் பாதி கலந்து முன்கூட்டியே வைத்துக்கொள்கிறோம். வழியில் டாப்-அப் செய்வதும் அதே கலவைதான். நிறம் ஒன்று என்பதற்காக வேறு வகையைக் கலப்பதில்லை. நிறத்தைத் தயாரிப்பவர் இஷ்டப்படி போடுகிறார். உள்ளே இருக்கும் வேதிப்பொருள் வேறாக இருக்கலாம்.

லாரி டிரைவர்:

புதிதாக நிரப்பிய பிறகு ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தது, முள் மட்டும் ஏறி ஏறி இறங்கியது. அது எதனால்?

பட்டறை மெக்கானிக்:

உள்ளே காற்று அடைத்திருக்கிறது. வேகமாக ஊற்றினால் இப்படி ஆகும். ஹீட்டர் வால்வைத் திறந்து, காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதையும் தளர்த்தி, மெதுவாக நிரப்ப வேண்டும். ஓட்டிச் சூடாக்கி, முழுதாக ஆறிய பின் அளவு பார்த்து மீண்டும் ஊற்ற வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விட்டதும் 100 டிகிரிக்கு மேலே இருக்கும் தண்ணீர் அப்படியே முகத்தில் கொதித்து அடிக்கும். காற்றை எடுத்த பிறகும் டேங்க்கில் குமிழ் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் சிலிண்டர் ஹெட்டின் அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட்டையோ இன்ஜெக்டரைச் சுற்றியுள்ள ஸ்லீவையோ சந்தேகப்பட வேண்டும். சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறதா என்று நிறம் மாறும் திரவத்தால் சோதித்துவிடலாம்.

இன்னொன்று. வடித்த கூலன்ட்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவைக்காதீர்கள், சாக்கடையிலும் கொட்டாதீர்கள். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாயோ பூனையோ கொஞ்சம் நக்கினாலே சிறுநீரகம் போய்ச் சாகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. மூடியுள்ள கேனில் பிடித்து, கழிவு ஆயிலோடு கலக்காமல் தனியாக வைத்து, முறையாக எடுத்துக்கொள்கிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.