ஜப்பான் தரும் மிதிவெடி நிதியில் கால் இழந்தவருக்கு ஏதாவது உண்டா?

முகாம் தம்பி, மண்டபம்:
எங்கள் பெரியப்பாவுக்கு இலங்கையில் மன்னார்ப் பக்கம் சொந்தக் காணி இருக்கிறது. அங்கேதான் மிதிவெடியில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது, அப்புறம்தான் குடும்பத்தோடு படகேறி இங்கே அகதி முகாமுக்கு வந்தார். இப்போது திரும்பிப் போகலாமா என்று யோசிக்கிறார். மிதிவெடி அகற்ற ஜப்பான் பணம் கொடுப்பதாக அடிக்கடி செய்தி வருகிறதே, அதில் இவரைப் போன்றவர்களுக்கு ஏதாவது கிடைக்குமா? செயற்கைக் கால் பழசாகிவிட்டது. கடற்கரையில் நடந்தால் உள்ளே மணல் ஏறி உரசி, சாயங்காலம் கழற்றும்போது தோல் உரிந்திருக்கிறது.

வன்னி அக்கா:
தம்பி, நேரே கையில் எதுவும் வராது. ஜப்பான் தூதரகம் ஹேலோ ட்ரஸ்ட், மேக், டாஷ் போன்ற வெடி அகற்றும் அமைப்புகளோடு ஒப்பந்தம் போடும், பணம் ஆட்களின் சம்பளம், முகக்கவசம், கருவி, வாகனம் என்று போய்விடும். நான் அந்த வேலை பார்த்தவள். வெயிலில் முழங்காலிட்டு, சின்ன வாரியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்க வேண்டும், ஏனென்றால் பி4 மாதிரி பிளாஸ்டிக் வெடியில் உலோகம் மிகக் குறைவு, கருவி சத்தம் போடாமலே போகலாம். ஜொனி என்கிற இன்னொரு வகை மிதிவெடிக்கு மரப்பெட்டி. பெட்டி உளுத்தாலும் வெடிமருந்து உள்ளேயே கிடக்கும். என்னோடு வேலை செய்த பெண்கள் பலர் போரில் புருஷனை இழந்தவர்கள், அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன், காணி துப்புரவாகிவிட்டது என்று அரசாங்கம் எழுத்தில் தராமல் பெரியப்பாவைப் பற்றைக்குள் இறங்க விடாதீர்கள்.

பாம்பன்காரன்:
அக்கா சொல்வது சரிதான், ஆனால் எனக்கு இதில் ஆறாத கோபம் இருக்கிறது. இத்தனை சதுர மீட்டர் துப்புரவாக்கினோம் என்று கொடுக்கும் நாடுகள் கணக்குக் காட்டுகின்றன. போன காலுக்குக் கணக்கு முடிவதே இல்லையே, செயற்கைக் காலைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், வளரும் பிள்ளைக்கு இன்னும் சீக்கிரம். மிதிவெடியைத் தடை செய்யும் 1997 ஒட்டாவா உடன்படிக்கை, பாதிக்கப்பட்டவர்களின் சிகிச்சை, மறுவாழ்வு, பிழைப்பு எல்லாவற்றுக்கும் உதவச் சொல்கிறது. இருந்தும் உலக அளவில் இந்த நிதியில் பெரும்பகுதி வெடி எடுக்கத்தான் போகிறது. அதுவும் நிச்சயமில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தியதும் பல நாடுகளில் வெடி அகற்றும் வேலை நின்றது. 2017 டிசம்பரில் உடன்படிக்கையில் சேர்ந்த இலங்கை 2028 ஜூனுக்குள் வெடி அகற்றி முடித்தாக வேண்டும், அதற்குள் கொடுப்பவர்கள் கைவிரித்தால் என்ன செய்வது? இந்தியா அதில் சேரவே இல்லை, ஆனாலும் 2009இல் போர் முடிந்ததும் வடக்கில் வெடி எடுக்கக் குழுக்களை அனுப்பியது. அதற்குப் பணம் இருந்ததென்றால், அதே வெடியில் கால் போய் இக்கரையில் இருப்பவரைக் கவனிக்கவும் பணம் இருக்க வேண்டும்.

தங்கச்சிமடம் டீச்சர்:
தம்பி, ஜப்பானுக்காகக் காத்திருக்க வேண்டாம். முதலில் புண் ஆறும்வரை அந்தக் காலை மாட்ட விடாதீர்கள். ராமநாதபுரத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஒரு மனு, முகாமைப் பார்த்துக்கொள்ளும் தனித் துணை ஆட்சியருக்கு அதன் நகல். எந்த இடத்தில் உரசுகிறது என்று போட்டோ எடுத்துச் சேர்த்துவிடுங்கள். ஊர் திரும்புவதாக முடிவானால் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் கால் செய்து தரும் மையம் இருக்கிறது, மன்னாரிலிருந்து போய்வரலாம். மனு எழுதத் தெரியாவிட்டால் இங்கேயே கேளுங்கள், எழுதித் தருகிறேன்.